முப்பத்தொரு லட்சம் குடை

— அதுக்கு நான் என்ன பண்ணட்டும், கிழிச்சுப் போடட்டுமா? நாலு காப்பி பைண்டிங் பண்ணி உள்ள மேஜை மேல வெச்சாச்சுக்கா. அட்டையில தங்க எழுத்து வேற.

— கத்தாதடி. கண்ணாடிக் கதவு. உள்ள கேக்கும்.

— கேக்கட்டுமே. இன்னும் அர மணி நேரத்துல நானே உள்ள போய் எல்லாத்தயும் வாயால சொல்லத்தானே போறேன். வைவான்னா பின்ன என்னவாம்?

— இங்க பாரு வாலு. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. நாலாவது சாப்டர மட்டும் எடுத்துடு.

— எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு, சொல்லு. மொதல் சாப்டர், நான் இதப் பண்ணப் போறேன். ரெண்டாவது, மத்தவங்க என்னென்ன பண்ணிருக்காங்க. மூணாவது, எப்படிப் பண்ணப் போறேன். அஞ்சாவது, அப்பாடா பண்ணி முடிச்சிட்டேன். பண்ணினதே நாலாவதுலதான்க்கா இருக்கு! அத உருவிட்டா நன்றியுரையும் அட்டையும்தான். நன்றியுரைக்கெல்லாம் டிகிரி கொடுக்க மாட்டாங்க.

— அப்ப மொத்தமாவே வாபஸ் வாங்கிக்கோ. ஒரு வருஷம் போனா போகுது. இப்பவே உள்ள போய், எனக்கு உடம்பு முடியல, அடுத்த வருஷம் வேற தலைப்புல பண்றேன்னு சொல்லிடு.

— உடம்பு முடியலயா? காலைல நீதானே ரெண்டு தட்டு வெச்சு ஊட்டாத குறையா அனுப்பிச்சே?

— அது காலைல.

— அப்படியே பஸ் புடிச்சுப் பின்னாடியே வந்துட்டியா? ஆபீஸ்?

— லீவு.

— நீ? லீவா? அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நடந்த அன்னிக்கே மதியம் ஆபீஸ் போனவ நீ.

— மொதலாளியே போயிட்டு வான்னாரு. விடு. நான் சொன்னத யோசி.

— யோசிக்கறதுக்கு என்ன இருக்கு, மூணு வருஷமா இதையேதான்…

— ஏம்மா, ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நாற்காலி கொண்டு போகணும். உள்ள நாலு பேருக்கு மூணு நாற்காலிதான் இருக்கு. என்ன செய்யறது, பெரிய படிப்பு படிச்சவங்க, எண்ண மறந்துட்டாங்க.

— அண்ணே, எல்லாரும் வந்துட்டாங்களா? வெளியிலேருந்து வர்றவரு?

— ஒசரமா, கைல ஒரு தோல்பை வெச்சிருக்கவரா? வந்துட்டாரு, டீ குடிச்சிட்டிருக்காரு. பாப்பா என்ன சப்ஜெக்ட்டு?

— சர்வதேச வர்த்தகம்ணே. என் ஆராய்ச்சி குடையப் பத்தி.

— குடைல என்னம்மா ஆராய்ச்சி? மழ வந்தா விரிக்கறோம், நின்னா மடக்கறோம்.

— அதுதான்ணே எல்லாரும் கேக்கறாங்க! இப்ப ஒரு குடை இந்த நாட்டுல தைச்சதுன்னு வெச்சுக்கோங்க. அத வாங்கற நாடு வரியே போடாம உள்ள விடும். அப்படி ஒரு ஒப்பந்தம் இருக்கு. அதே குடை வேற நாட்டுல தைச்சதா இருந்தா வரி உண்டு. அப்ப இது எந்த ஊர்க் குடைன்னு எப்படித் தெரியும்?

— குடையையே கேக்க முடியாது.

— கரெக்ட்! அதுக்குத்தான் ஒரு பேப்பர். ஆரிஜின் சர்டிபிகேட். ‘இது இங்க செஞ்ச குடைதான்’னு கம்பெனி ஆளு ஒருத்தர் கையெழுத்துப் போட்டு அனுப்புவாங்க. நான் என்ன பண்ணேன், ஒரு தொழிற்சாலைய எடுத்துக்கிட்டேன். அறுபது தையல் மெஷின். ஒரு மெஷின்ல நாளைக்கு நாப்பது குடைக்கு மேல துணி தைக்க முடியாது. வருஷத்துக்கு முந்நூறு நாள் வேல. பெருக்குனா ஏழு லட்சத்து இருபதாயிரம் குடை. சரியா? ஆனா கப்பல் ஏறினது எவ்வளவு தெரியுமா? முப்பத்தொரு லட்சம்.

— அடேயப்பா. மிச்சமெல்லாம் வானத்துலேருந்தா விழுந்துச்சு?

— அதேதாண்ணே! அதுதான் என் நாலாவது சாப்டர்!

— வாலு, போதும்.

— என் குடை வாங்கி ஆறு மாசம் ஆகல, கம்பி வெளிய வந்து கண்ணக் குத்துது. அதையும் எழுதிருக்கியா பாப்பா?

— இல்லண்ணே, அடுத்த ஆராய்ச்சில சேத்துக்கறேன்.

— சேத்துக்கோ, சேத்துக்கோ. பத்தரைக்கு நான் வந்து கூப்பிடறேன். தண்ணி குடிச்சுக்கோங்க. உள்ள போறவங்க எல்லாம் மொதல்ல தண்ணிதான் கேக்கறாங்க.

— பாத்தியாக்கா? அந்த அண்ணனுக்கே ரெண்டு நிமிஷத்துல புரிஞ்சிடுச்சு. நீதான் புரியாத மாதிரி நிக்கறே.

— எனக்குப் புரியலயா? அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடறதே நான்தாண்டி.

— தெரியும்க்கா. அதனாலதானே பேரு எதுவும் போடல. கம்பெனி பேரு இல்ல, ஊரு இல்ல, தெருவு இல்ல. ‘தொழிற்சாலை அ’. அவ்வளவுதான். மெஷின் கணக்குக் கொடுத்தது யாருன்னா, ‘பெயர் வெளியிட விரும்பாத அலுவலர் ஒருவர்’. எவ்வளவு அழகா இருக்கு பாரு, ஏதோ உளவாளி மாதிரி.

— நான் எப்ப உனக்குக் கணக்குக் கொடுத்தேன்? துணி மடிச்சிட்டிருந்தேன். நீ பக்கத்துல உக்காந்து, ஏன்க்கா உங்க கம்பெனி பெரிசா சின்னதான்னு கேட்டே. நான் ஒரு பெருமைக்குச் சொன்னேன், அறுபது மெஷினு, ஆளுக்கு நாப்பதுன்னு. அத நீ போய் எழுதுவேன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?

— அதான் சாரி சொன்னேனே.

— எப்ப சொன்னே?

— மனசுல.

— ஒண்ணு சொல்றேன் கேளு. ‘தொழிற்சாலை அ’ன்னு போட்டா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கே, இல்ல?

— எப்படித் தெரியும்? குடை ஏத்துமதி பண்றவங்க நாடு பூரா இருக்காங்க.

— குடை பண்றவங்க இருக்காங்க. நீ புக்குல போட்டிருக்கியே, எட்டு இலக்கத்துல ஒரு நம்பர். மூணா மடக்கற குடை, கட்டையான கைப்பிடி. அந்த நம்பர் எதுக்கு போட்டே?

— போடாம எப்படிக்கா? சுங்கத்துல ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பர வெச்சுத்தான் அரசாங்கப் புள்ளிவிவரத்துலேருந்து முப்பத்தொரு லட்சத்தயே எடுத்தேன். நம்பர் போட்டாத்தான் ஆராய்ச்சி. போடாட்டி அது கதை.

— அந்த நம்பர்ல ஏத்துமதி பண்றது எத்தன கம்பெனின்னு பாத்தியா?

— அது… புள்ளிவிவரத்துல கம்பெனி பேரு வராதுக்கா. ஊர் வாரியா மொத்தக் கணக்குத்தான் வரும். நம்ம ஊருக்கு உள்ளத மட்டும் எடுத்தேன், இங்க உங்களத் தவிர யாரு பண்றாங்க?

— ஒண்ணு.

— என்ன ஒண்ணு?

— ஒரே ஒரு கம்பெனி. நாடு முழுக்க நாங்க மட்டும்தான். வருஷா வருஷம் ஏத்துமதியாளர் சங்கத்துலேருந்து பட்டியல் வரும். அந்த நம்பருக்கு நேரா எங்க பேரு மட்டும்தான் இருக்கும். மொதலாளி அதக் கண்ணாடி போட்டு வாசல்ல மாட்டி வெச்சிருக்காரு. உள்ள நுழைஞ்சதும் மொதல்ல அதுதான் தெரியும். தொழில்ல இருக்கற எவன் உன் புக்கப் பிரிச்சாலும் அந்த எட்டு நம்பர் போதும். பேரு எழுதி, போட்டோ ஒட்டி, போன் நம்பரும் போட்ட மாதிரிதான்.

— இரு… இரு. என் கைடு சாருக்கு… அவருக்கும் இது தோணலயே.

— அவரு குடை வித்தாரா? பாடம் நடத்தறாரு.

— வெளியிலேருந்து வந்திருக்காரே, தோல்பைக்காரரு. அவரு யாருன்னு தெரியுமா? சுங்கத் துறைல இருவது வருஷம் ஆரிஜின் பிரிவுல இருந்தவரு. கைடு சார் பெருமையாச் சொன்னாரு, உன் சாப்டருக்குன்னே தேடிப் புடிச்சுக் கூப்பிட்டிருக்கேன்னு. நான் சந்தோஷத்துல குதிச்சேன்க்கா.

— உன் புக்கு அவரு கைக்கு எப்பப் போச்சு?

— பத்து நாளாச்சு.

— சரி. விடு. அதப் பத்தி இப்பப் பேசி… வாலு, நான் வந்தது வேற விஷயமா. நீ மொதல்ல…

— இல்ல, நீ நில்லு. இது உனக்கு எப்பத் தெரியும்? நீதான் என் புக்கப் படிக்கவே மாட்டேன்னியே. இங்லீஷ்ல கொட்ட எழுத்துல இருந்தாலே தூக்கம் வருதுன்னே.

— நான் எங்க படிச்சேன்.

— பின்ன?

— போன வியாழக்கெழம நீ எனக்குன்னு ஒரு காப்பி கொண்டு வந்து கொடுத்தே இல்ல. பிரிச்சேன். மூணாவது பக்கம். ‘குடைகளைப் பற்றி எனக்கு முதன்முதலில் சொல்லிக் கொடுத்த என் அக்காவுக்கு’ன்னு போட்டு என் பேரு. முழுப் பேரு, இனிஷியலோட. எங்கயாவது என் பேரு அச்சுல வந்திருக்கா, சொல்லு? கல்யாணப் பத்திரிக்கைகூட அடிக்கல. நான் ராத்திரி நாலு தடவ எடுத்துப் பாத்தேன்.

— ஐயோ அக்கா.

— மறுநாள் பையில போட்டு ஆபீஸ் கொண்டு போயிட்டேன்.

— அக்கா!

— எல்லார்கிட்டயும் காமிச்சேண்டி. பேக்கிங்ல, டெஸ்பாட்ச்ல, லேபிள் தைக்கற பொண்ணுங்ககிட்ட. என் தங்கச்சி எழுதின புக்கு, பாருங்க என் பேருன்னு. மதியம் மொதலாளி ரூமுக்குப் போயி அவருகிட்டயும் கொடுத்தேன். உங்க தொழிலப் பத்தித்தான் சார் எழுதிருக்கான்னேன். அவரு ரொம்ப சந்தோஷம்மான்னு சொல்லி, சாப்பிடறப்ப படிக்கறேன்னு வாங்கி வெச்சுக்கிட்டாரு.

— படிச்சாரா?

— சாப்பாட்டு டப்பா தொறக்கவே இல்ல. அஞ்சு மணிக்குக் கூப்பிட்டாரு.

— நீ எதுக்கு நன்றியுரைய… இல்ல, நான்தான். நான் எதுக்கு நன்றியுரைல உன் பேர… சாப்டர்ல பேர மறைக்க ரெண்டு மாசம் யோசிச்சேன். நன்றியுரை அஞ்சு நிமிஷத்துல எழுதினேன், பைண்டிங்காரன் நின்னுட்டிருந்தான். அறிவு இருக்கா எனக்கு? சர்வதேச வர்த்தகமாம். எனக்கு உள்ளூர் வர்த்தகமே தெரியல.

— அழாத. மூஞ்சி வீங்கிடும்.

— அவரு என்ன சொன்னாரு?

— திட்டல. திட்டிருந்தாப் பரவால்ல. நாற்காலி போட்டு உக்கார வெச்சாரு. சாப்டர்ல ஒரு பத்தியப் படிச்சுக் காமிச்சு அர்த்தம் சொன்னாரு. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது, நான் ரெண்டு வருஷமாப் போடற கையெழுத்துக்கு என்ன அர்த்தம்னு.

— உனக்குத் தெரியாதா? நெஜமாவா?

— பொட்டி வர்றது தெரியும். துறைமுகத்துலேருந்து வரும். பிரிச்சாக் குடைதான், முழுக் குடை, கம்பி, துணி, கைப்பிடி எல்லாம் மாட்டி. உள்ள இருக்கற துண்டு லேபிளப் பிரிச்சுட்டு நம்ம லேபிளத் தைப்பாங்க, கவர மாத்துவாங்க, வேற பொட்டில போடுவாங்க. எல்லாருக்கும் தெரியும். யாவாரம்னா அப்படித்தான் போலன்னு நெனச்சேன். நம்ம ஊரு லேபிள் போட்டா நம்ம ஊரு குடைதானேன்னு…

— அப்படியில்லக்கா. அதுக்கு விதி இருக்கு. பொருளோட தன்மையே மாறணும். துணியா வந்து குடையாப் போனா அது மாறினது. குடையா வந்து குடையாப் போனா…

— நீ பாடம் எடுக்காத. எனக்குத்தான் வெள்ளிக்கெழம அஞ்சு மணிக்கு எடுத்தாச்சே.

— ஆனா ஒவ்வொரு ஃபார்ம்லயும் அச்சடிச்சே இருக்குமே. ‘மேலே உள்ள விவரங்கள் உண்மை’ன்னு. கையெழுத்துக்கு நேர் மேல. படிக்க மாட்டியா?

— மேல ஒண்ணுமே இருக்காதுடி.

— புரியல.

— வெத்து ஃபார்ம். மாசக் கடைசில நூறு, நூத்தம்பது அடுக்கி டேபிள்ல வெச்சிருவாங்க. கீழ மட்டும் கையெழுத்து, பக்கத்துல சீலு. மேல எந்தக் கப்பல், எத்தன பொட்டின்னு அப்புறமா டைப் பண்ணிப்பாங்க. எனக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான் போட்டாரு. கப்பல் கிளம்பற அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் வந்துட்டா சரக்கு நிக்கக் கூடாது பாரு, அதுக்காக.

— வெறும் பேப்பர்லயா?

— பிரமோஷன் கொடுத்து சக்கர நாற்காலி கொடுத்தப்ப… சிரிக்காத, சுத்தற நாற்காலி… அப்ப சொன்னாங்க, உன் கையெழுத்து இல்லாம இந்தக் கம்பெனிலேருந்து ஒரு குடை வெளிய போகாதும்மான்னு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? பன்னெண்டோட நிறுத்தினவ நான். நீ காலேஜு போகணும்னு நிறுத்தினேன், சொல்லிக் காமிக்கல, நடந்தது அதுதானே. என் கையெழுத்து கப்பல்ல போகுதுன்னா…

— எத்தன போட்டிருப்பே?

— எண்ணல. பேனா ரீஃபில் மாசத்துக்கு ஒண்ணு.

— அக்கா, இதுக்கு… கம்பெனிய மட்டும் புடிக்க மாட்டாங்க. கையெழுத்துப் போட்டவங்க பேருலதான் மொதல் கேசு. அதையும் எழுதிருக்கேன். நாலாவது சாப்டர் கடைசிப் பக்கம். ‘கையெழுத்திட்டவரே முதல் பொறுப்பு’.

— ஆமாம். அந்தப் பத்தியத்தான் படிச்சுக் காமிச்சாரு. ஜன்னல்கிட்ட வா. இங்க நின்னா எல்லாரும் பாக்கறாங்க.

— கேசு வந்தா மொதலாளிக்கும் சேத்துதானே? அவரு ஏன் உன்ன மட்டும் அனுப்பிச்சாரு?

— அவரு ஒண்ணும் அரக்கன் இல்ல வாலு. அம்மா அங்க பதினெட்டு வருஷமாத் துணி தைக்கறாங்க. முட்டி ஆபரேஷன் பண்ணிட்டு ரெண்டு மாசம் கழிச்சுப் போனா, மெஷின மாத்தி உக்காந்த எடத்துலேருந்தே தைக்கற மாதிரி போட்டுக் கொடுத்தாரு. இன்னும் மூணாவது வரிசைல கடைசி மெஷின் அம்மாவோடதுதான். நாளைக்குக் கம்பெனிய மூடினா?

— மூடிட்டுத்தான்க்கா இருக்காரு! கொஞ்சம் கொஞ்சமா! நீ அம்மாவக் கேளு. நாம சின்னப் புள்ளைங்களா இருந்தப்ப அங்க எத்தன மெஷினு? இருநூறு. சாயங்காலம் சங்கு ஊதினா தெருவே நெறஞ்சு வரும். இப்ப அறுபது. ஏன்? பொட்டில ரெடியா வருதே, எதுக்குத் தைக்கணும்? வருஷத்துக்கு இருவது பேர நிறுத்தறாரு. நான் எழுதினதால போகல அந்த வேலையெல்லாம். அதையும் ஒரு படம் போட்டுக் காமிச்சிருக்கேன், ஒரு கோடு கீழ எறங்கும், ஒரு கோடு மேல ஏறும். அது ரெண்டும் வெட்டிக்கற எடத்துல என்ன வருஷம்னு பாத்தேன். அந்த வருஷம்தான் அம்மாவோட சிநேகிதி, அந்தப் பல்லுக்காரச் சித்தி, அவங்கள நிறுத்தினாங்க. நான் படம்தான் போடறேன்னு நெனச்சேன். பாத்தா நம்ம தெரு.

— நீ பேசறதெல்லாம் சரி. கேக்கறப்ப எனக்கும் சரின்னுதான் படுது. ஆனா மணி பத்தேகால். நான் ஒண்ணு கேக்கறேன், பதில மட்டும் சொல்லு. சுத்தி வளைக்காத.

— கேளு.

— ஒருவேள… நீ போட்ட கணக்கே தப்புன்னு யாராவது சொன்னா? அதாவது, அறுபது மெஷினுங்கறதே நீயா எழுதினது, யாரும் உனக்குச் சொல்லலன்னு. அப்ப என்ன பண்ணுவாங்க?

— அப்படி யாரும் சொல்ல முடியாதுக்கா, உண்மைதானே.

— பதில மட்டும்.

— கணக்கு ஜோடிச்சா வெளிய அனுப்பிடுவாங்க. டிகிரியே கிடையாது. போன வருஷம் ஒரு பையன் இருவது கடைக்குப் போனேன்னு சொல்லி ஹாஸ்டல்ல உக்காந்து ஃபார்ம நிரப்பினான். புடிச்சிட்டாங்க. மூணு வருஷத்துக்கு எந்த யுனிவர்சிட்டிலயும் சேர முடியாது. இப்ப அவன் எங்க இருக்கான்னே தெரியல. ஏன் கேக்கறே?

— அவனே முன்னாடி போயி, சார் நான் இத வாபஸ் வாங்கிக்கறேன்னு சொல்லிருந்தா?

— அப்ப ஒண்ணுமில்ல. வைவாவுக்கு முன்னாடி வாபஸ் வாங்கினா அது ஆராய்ச்சியே இல்ல, வெறும் பேப்பர். அடுத்த வருஷம் வேற பண்ணிக்கலாம்.

— அப்ப போ.

— அக்கா…

— போடி. எதுக்கு நிக்கறே? இப்பவே போ.

— ஏன் என்னத் தள்றே? எனக்கு ஒரு நிமிஷம் கொடு. நான் இன்னும் முடிவு பண்ணல. நீ மூணு நாளா வீட்ல வாயத் தொறக்காம இருந்துட்டு, பத்தே கால் மணிக்கு வந்து போ போன்னா? ஞாயித்துக்கெழம முழுக்க ஒரே ரூம்ல இருந்தோம். நான் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பேசிப் பாத்தேன். நீ என் சட்டைய அயர்ன் பண்ணிட்டிருந்தே. ஒரு வார்த்த?

— சொல்லலாம்னுதான் ஒவ்வொரு தடவையும் வந்தேன். நீதான் சிரிச்சிட்டே இருந்தியே. அந்த நாற்காலில அவரு உக்காருவாரு, இப்படிக் கேப்பாரு, நான் அப்படிச் சொல்லுவேன்னு. ஒரு எடத்துல கைய ஆட்டிப் பேசி வெளக்கத் தட்டி விட்டே. எப்படிச் சொல்லுவேன்?

— உனக்கு பயமா இருக்கு இல்ல?

— இருக்கு.

— ஜெயிலுக்குப் போயிடுவோம்னா?

— அதுவும்தான்.

— சரி, இப்ப நான் பேசறேன், நீ நடுவுல பேசாத. நான் உள்ள போனா, தோல்பைக்காரரு மொதல் கேள்வியே கேப்பாரு, அந்த அலுவலர் யாருன்னு. சொல்ல மாட்டேன்னு சொல்லலாம். ஆனா மூணாவது பக்கத்துல உன் பேரு இருக்கு. எட்டு நம்பர்ல உன் கம்பெனி இருக்கு. ஃபார்ம்ல உன் கையெழுத்து இருக்கு. நான் எவ்வளவு நல்லாப் பேசினாலும் அந்த ரூம்லேருந்து ஒரு பேருதான் வெளிய வரும். அது உன் பேரு. இருநூறு மெஷின் அறுபது ஆனது அநியாயம். அத நான் எழுதலன்னா யாரும் எழுத மாட்டாங்க. அதுவும் நெஜம். ஆனா அதுக்கு விலையா உன்னக் கொண்டு போயி வைக்க என்னால முடியாதுக்கா. முடியல.

— வாலு…

— நடுவுல பேசாதன்னேன். நான் வாபஸ் வாங்கறேன். ஒரு வருஷம் போகட்டும். எல்லாரும் வேலைக்குப் போவாங்க, நான் மறுபடி மூணாவது பெஞ்சுல உக்காருவேன், பரவால்ல. வேற எதையாவது எழுதறேன். பட்டன், சோப்பு, ஏதோ ஒண்ணு. ஆனா நீயும் ஒண்ணு பண்ணணும். நாளைலேருந்து வெத்து ஃபார்ம்ல கையெழுத்துப் போடக் கூடாது. அந்த வேலையே வேணாம். நான் டியூஷன் எடுக்கறேன், எதுவோ பண்ணலாம். நீ மட்டும் அங்கேருந்து வெளிய வந்துடு. சத்தியம் பண்ணு… ஏன்க்கா அழறே? நான்தான் எடுத்துடறேன்னு சொல்லிட்டேன்ல. நீ கேட்டதுதானே? உனக்காகத்தானே?

— எனக்காக வேணாம்டி. நீ போ. சீக்கிரம் போ. இந்த நிமிஷமே கதவத் தட்டிட்டு உள்ள போயிடு. மத்ததெல்லாம் அப்புறம்.

— போறேன் போறேன். மூஞ்சியத் தொடச்சுக்கறேன், இப்படியே போனா பேயப் பாத்த மாதிரி இருக்கும். அண்ணே! அண்ணே, ஒரு நிமிஷம். நான் கைடு சாரப் பாக்கணும், வைவாவுக்கு முன்னாடி ரெண்டே வார்த்த.

— இப்ப யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க பாப்பா.

— ஏன்ணே? பத்தரை ஆகலையே.

— அஞ்சு நிமிஷம் முன்னாடி ஒரு ஆளு பைக்குல வந்து ஒரு கவர் கொடுத்துட்டுப் போனான். சீல் வெச்ச கவரு. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி உள்ள கொண்டு கொடுத்தேன். பிரிச்சாங்க. தோல்பைக்காரரு சத்தமாப் படிச்சாரு, அப்புறம் உன் கைடு வாங்கி மனசுக்குள்ள படிச்சாரு. இப்ப துறைத் தலைவரக் கூட்டிட்டு வான்னு என்ன அனுப்பறாங்க. என்ன செய்யறது, நாற்காலி இன்னும் ஒண்ணு போடணும்.

— என்ன கவரு? என்னப் பத்தியா?

— எனக்கென்னம்மா தெரியும். உன் புக்க நடுவுல பிரிச்சு வெச்சு, கவர்ல இருந்த பேப்பர அது பக்கத்துல வெச்சுப் பாத்துட்டிருக்காங்க. நீ இங்கயே இரு, எங்கயும் போகாதன்னு சொல்லச் சொன்னாரு. நான் வரேன்.

— யாரு அனுப்பிச்சிருப்பா? மொதலாளியா? அவரு என்னத்த எழுதிருக்கப் போறாரு, அவருகிட்ட என்ன இருக்கு எனக்கு எதிரா? அக்கா, இங்க பாரு, நீ பயப்படாத, எது வந்தாலும் உன் பேரு என் வாயிலேருந்து வராது, அவரு என்ன வேணா எழுதட்டும், நீ ஒருத்தி என் பக்கம் நின்னாப் போதும் எனக்கு, நான் பாத்துக்கறேன்…

— அந்த லெட்டர் என்னோடது வாலு. நான் உன்கிட்ட எதுவுமே சொன்னதில்ல, அந்தக் கணக்கெல்லாம் நீயா ஜோடிச்சதுன்னு சனிக்கெழமையே மொதலாளிகிட்ட எழுதிக் கொடுத்துட்டேன்.